மீன் ஆகாத நாய்

இராக் காவல் என்பது, தூங்குகிறவர்களின் சொத்துக்காகத் தூங்காத ஒருவன் திட்டு வாங்குகிற தொழில். கிட்டங்கி, உப்பளம், பஞ்சுப்பேட்டை என்று எங்கே லாந்தரும் கம்புமாக உட்கார்ந்தவராயிருந்தாலும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. களவு போனால் நாம் தூங்கிவிட்டோம். களவு போகாவிட்டால், இவனுக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவே நமக்கென்று ஒரு நல்ல வார்த்தையை நான் இதுவரை கேட்டதில்லை.

உலகச் சண்டை நடந்த வருஷங்களில் நான் தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு கருவாட்டுக் கிட்டங்கிக்குக் காவல். கொழும்புக்குப் போகிற சரக்கு. கருவாட்டுக் கிட்டங்கிக்குத் திருடன் மனுஷனாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. ஊரிலுள்ள பூனையெல்லாம் ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்கும். அதற்குத்தான் நாய். சுக்கான் என்று பெயர் வைத்திருந்தேன். ஓடும்போது வாலைத் தோணிச் சுக்கான் மாதிரி ஒரு பக்கமாகவே சாய்த்துக்கொண்டு ஓடும்.

அப்போது யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். வாலிபத்தில் சங்கு குளிக்கப் போய் எனக்கு இடது காது முழுசாகவும் வலது காது முக்காலும் போய்விட்டன. எதிரே நின்று உதட்டைக் காட்டிப் பேசினால் ஒரு வார்த்தை தவறாமல் பிடித்துக்கொள்வேன். முதுகுக்குப் பின்னால் பூட்டை உடைத்தாலும் தெரியாது. சுக்கானுக்குத் தெரியும். அது வந்து மூக்கால் என் முழங்காலை இடிக்கும், நான் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்து போவேன். மூன்று வருஷக் காவல் இப்படித்தான் நடந்தது. அந்த நாய் போனால் என் பிழைப்பும் போகும். அந்த நாய்க்குத்தான் சொறி வந்தது.

பகலிலும் எனக்குத் தூக்கம் சரியாக வராது. பழைய காகிதக் கடையில் எடைக்குப் போட்ட இங்கிலீஷ் புத்தகங்களை வாங்கி எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதில் ஒன்று நாய், பூனை வியாதிகளைப் பற்றியது. அட்டை இல்லை, எழுதியவர் பேர் இல்லை, முதலில் எத்தனையோ பக்கங்களும் இல்லை. அதைப் படித்த பாவத்துக்குக் கடற்கரையில் எனக்கு 'நாய் டாக்டர்' என்று பேர். மரியாதைக்கு வைத்த பேர் அல்ல.

மண்ணெண்ணெய்

முதலில் வந்தது ஒரு பூனை. எங்கள் தெரு முனையில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி, ஒருநாள் காலையில் நான் காவல் முடிந்து கஞ்சிக்கு உட்கார்ந்த நேரம் பார்த்து, ஓலைப்பெட்டியில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்திலும் கன்னத்திலும் காதுக்கு முன்னாலும் ரோமம் இல்லை. பிறாண்டிப் பிறாண்டி ரத்தம். அதைக்கூட விடுங்கள். பெட்டியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை முகத்தில் அறைந்தது. விளக்கெரிக்கவே ஜனங்கள் புட்டியும் கையுமாக வரிசையில் நிற்கிற காலம். அதில் அரைப்புட்டியை அந்தச் சின்ன உடம்பில் ஊற்றித் தேய்த்திருக்கிறார். பூனை நக்குகிற பிராணி. அதன் உடம்பில் எதைப் பூசினாலும் அது வயிற்றுக்குள்தான் போய்ச் சேரும். இதற்கு இங்கிலீஷ் புத்தகமா வேண்டும்? வீட்டில் வளர்க்கிற பூனையைக் கால்மணி நேரம் கண்ணால் பார்த்தால் போதாதா?

கஞ்சியை மூடி வைத்துவிட்டு, வெந்நீரும் சீயக்காயுமாகக் கழுவிப் பார்த்தேன். மூச்சு இழுத்தது, வாயில் நுரை தள்ளியது. மத்தியானத்துக்கு முன்னாலேயே என் மடியில் அடங்கிவிட்டது. கடைக்குப் போய்ச் சொன்னேன். அண்ணாச்சி பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு நிலைக்கு வருகிறவரை காத்திருந்து, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"பூனை போச்சுன்னா போகட்டும் வே. சொறி கட்டுப்பட்டுச்சா இல்லியா, அதைச் சொல்லும்."

ஆண் கன்று ஒன்று

அந்த மாசமே சுக்கானுக்கும் ஆரம்பித்தது. முதலில் முன்னங்கால் விரல்களுக்கு நடுவே கடித்துக்கொண்டே இருந்தது. பிறகு காதின் உட்புறம் சிவந்து ஒரு புளித்த நாற்றம். பிறகு தொடை இடுக்கு, அடிவயிறு. ராத்திரி பூராவும் சொறிந்துகொண்டிருக்கிற நாய் எந்தச் சத்தத்தைக் கவனிக்கும்? நான் அதன் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி மாட்டாஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனேன்.

கம்பவுண்டர் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். காளை, பசு, எருமை, குதிரை, ஆடு என்று கட்டம் கட்டமாக இருந்தது. நாய்க்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததற்கு வைத்தியமும் இல்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உம்முடைய சர்க்கார் ராத்திரி தூங்குகிறதே, அது எருமையையும் ஆட்டையும் காவல் வைத்துக்கொண்டா தூங்குகிறது என்று கேட்டேன். மனுஷர் கெட்டவர் அல்ல. பேனாவைக் காதில் செருகி யோசித்து, கடைசியில் 'ஆண் கன்று, ஒன்று' என்று எழுதினார். ஆனால் கன்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் படுக்கிறேன், எனக்குத் தொற்றவில்லை. அடுத்த கிட்டங்கி நாய்கள் இதோடு புரளுகின்றன, அவற்றுக்கும் இல்லை. ஆகவே இது பூச்சிச் சொறியாக இராது என்று புத்தகத்தில் கண்டதை எடுத்துச் சொன்னேன். அவர் அதற்குள் கந்தகக் களிம்பை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வழித்துக் கொடுத்துவிட்டார். வாசல்வரை கூடவே வந்து, என் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னார்:

"கன்னுக்குட்டின்னு எழுதியாச்சு. உள்ள பெரிய டாக்டரு இருக்காரு, தெருவுக்குப் போறவரைக்கும் அதைக் குரைக்க விடாதேயும்."

சுறா எண்ணெய்

களிம்பு தீர்ந்தது, சொறி தீரவில்லை. இனி யாரையும் நம்புவதில்லை என்று நானே புத்தகத்தில் இறங்கினேன். மீன் ஈரலில் எடுக்கிற எண்ணெய் தோலுக்கும் ரோமத்துக்கும் மிகவும் நல்லது என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. இதற்கு நான் சீமைக்கா எழுதிக் கேட்க வேண்டும்? கிட்டங்கிக்குப் பின்னாலேயே ரோசம்மா என்கிற பெண்பிள்ளை ஓலைக் கொட்டகை போட்டுச் சுறா ஈரலை உருக்கி எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். தோணி மரம் உளுக்காமல் இருக்கப் பூசுகிற எண்ணெய். ஒரு புட்டி வாங்கி, காலையில் ஒரு கரண்டி உள்ளுக்கு, சாயங்காலம் ஒரு கை மேலுக்கு என்று நடத்தினேன். நாய்க்கு ஒரே சந்தோஷம். கரண்டியையும் நக்கும், உடம்பையும் நக்கும், நான் உட்கார்ந்த இடத்தையும் நக்கும்.

பத்து நாளில் வயிறு பூராவும் புண்ணாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் நேரே ரோசம்மா கொட்டகைக்குப் போய், எண்ணெயில் என்ன கலந்தாய் என்று கத்தினேன். காது மந்தமானவன் கத்தினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்; தோணி பழுது பார்த்துக்கொண்டிருந்த ஆட்களெல்லாம் உளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அவள் அகப்பையை அண்டாவில் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். அவள் சொன்னதிலேயே மருந்து இருந்தது. கோபத்தில் எனக்கு அது உறைக்கவில்லை, திட்டு மட்டுமே உறைத்தது:

"நாப்பது தோணிக்குப் பூசுதாவ, ஒரு தோணியும் வந்து அரிக்கின்னு சொல்லல. தோணி நக்காது, ஒம்ம நாய் நக்குது. அதுக்கு என்னைய ஏன் ஏசுதீரு?"

கொழும்பு வியாபாரி

எங்கள் முதலாளி பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து கடற்கரையில் கடை போட்டவர். சத்தம் போட மாட்டார். கோபம் கூடக்கூட அவர் குரல் தணியும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்குக் குரல் தெரியாது. உதடு மெல்ல மெல்ல அசைந்தால் கோபம் என்று தெரிந்துகொள்வேன். ஒருநாள் கொழும்பு வியாபாரி ஒருவர் சரக்குப் பார்க்க வந்தார். அந்த நேரம் பார்த்துச் சுக்கான் அரிப்புத் தாங்காமல் கட்டி வைத்திருந்த கருவாட்டுப் பொதியில் முதுகைத் தேய்த்தது. பொதியில் ரோமமும் பொருக்கும் ஒட்டிக்கொண்டன. வியாபாரி வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த கிட்டங்கிக்குப் போய்விட்டார். அழுகல் வாடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், ஈ மொய்க்கிற சரக்கை மூக்கருகில் வைத்து மோந்து பார்க்கிறவர், ஒரு நாயின் அரிப்பைக் கண்டு ஓடினார்.

நகரசபை ஆட்கள் வாரத்துக்கு ஒருமுறை கடற்கரைக்கு வந்து சொறிநாயைத் தடியால் அடித்து வண்டியில் ஏற்றிப் போவார்கள். முதலாளி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். நான் கை கட்டி நின்றேன். மூன்று வருஷமாக ஒரு பொதி குறையவில்லை என்றேன். அவர் உதடு மெல்ல அசைந்தது:

"கருவாடு நாறத்தான் செய்யும், அது கருவாடு. நாய் நாறப்படாது. ஆடி கழியட்டும். அதுக்குள்ள சொறி போகணும், இல்லன்னா நாய் போகணும்."

துரை வீட்டு வியாதி

கடற்கரைச் சாலையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனித் துரையின் பங்களா இருந்தது. அங்கே பட்லர் வேலை பார்த்தவர் சாயங்காலத்தில் துரைசானியின் குட்டை நாயைத் தோல்வாரில் பிடித்து நடத்திக்கொண்டு வருவார். ஒருநாள் கிட்டத்தில் பார்த்தேன். அதே விரலிடுக்கு, அதே சிவந்த காது, அதே வயிறு. எனக்குக் கூடப்பிறந்தவனைக் கண்டது மாதிரி இருந்தது. உங்கள் நாய்க்கும் சொறியா என்று கேட்டுவிட்டேன். பட்லர் முகம் சுண்டிப்போயிற்று. இதற்காகச் சென்னையிலிருந்து டாக்டர் கடுதாசி எழுதியிருக்கிறாராம். டப்பாவில் களிம்பு வந்திருக்கிறதாம். அதுவரை தின்றுவந்த மாட்டுக்கறியை அடியோடு நிறுத்திவிட்டு ஒரு மாசம் ஆட்டுக்கறியும் சோறும் மட்டுமாம். இப்போது பாதி குணமாம்.

அந்தக் களிம்பில் ஒரு சுண்டுவிரல் அளவு கேட்டேன். மாட்டேன் என்றார். காது ஒன்று, கால் ஒன்று, அரிப்பு ஒன்று. அதற்குக் கடுதாசி எழுதுகிற டாக்டர், இதற்குத் தடி. இதை வாய்விட்டுச் சொன்னதற்கு அவர் நாயை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்று பதில் சொன்னார்:

"துரை வீட்டு நாய்க்கு வந்தா அதுக்குப் பேரு எக்ஸிமா. சொறிங்கது உங்க நாய்க்கு. ரெண்டையும் கலந்து பேசாதேயும்."

ரேஷன் அரிசி

கோபத்தோடு ஒரு விஷயமும் என்னோடு வீட்டுக்கு வந்தது. தின்பதை நிறுத்தியிருக்கிறார்கள். புத்தகத்தைப் புரட்டினால், பாதி கிழிந்த ஒரு பக்கத்தில் அதுவே இருந்தது: சில நாய்க்கும் பூனைக்கும் ஏதோ ஒரு தீனி ஆகாது, அது பழகிய தீனியாகவே இருக்கும், அது அரிப்பாக வெளியே வரும். நூறு தடவை படித்த பக்கம். மாட்டுக்கறி தின்கிறவர்கள் விஷயம் என்று தள்ளிவிட்டிருந்தேன். சுக்கான் என்ன தின்கிறது என்று இப்போது எண்ணிப் பார்த்தேன். ரேஷன் அரிசிச் சோறு. கல்லும் புழுவும் ஒரு பழைய சாக்கு நாற்றமுமாக வருகிற அரிசி. ஊரில் வயிற்றுவலியிலிருந்து பிள்ளை பரீட்சையில் தோற்றதுவரை எல்லாவற்றுக்கும் அதன்மேல்தான் பழி. பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். அன்றைக்கே சோற்றை நிறுத்தி, சுத்தமாக மீன் மட்டும் போட ஆரம்பித்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடற்கரையில் பிறந்தவன் யாரும் இதைத்தான் செய்திருப்பான். எங்களுக்கு மீன் ஒரு தீனியாகத் தோன்றாது. அது காற்று மாதிரி, எப்போதும் இருக்கும்; சந்தேகப்பட வேண்டுமென்றால் சோற்றை, கிழங்கை, பருப்பைச் சந்தேகப்படுவோம். நான் கண்டுபிடித்ததைப் பகல் காவல் பார்க்கிற சவரிமுத்துவிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் தன் கழுத்தைத் தடவிக்கொண்டே ஒத்துக்கொண்டான்:

"ரேஷன் அரிசி தின்னு நாய் மட்டுமா சொறியுது. நாமளுந்தான் சொறியுதோம், வெளிய தெரியாம."

கச்சான்

ஆனி பிறந்ததும் கச்சான் காற்று பிடித்தது. அந்த வருஷம் அது லேசில் ஓயவில்லை. கடற்கரை மணல் எழும்பிக் கண்ணைத் திறக்கவிடவில்லை. வள்ளங்களையெல்லாம் மேலே இழுத்துக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஊரில் பச்சை மீன் கண்ணில் படவில்லை. இருந்த கருவாடெல்லாம் முன்பே தோணி ஏறிவிட்டது. கிட்டங்கி காலி, கழுவித் தள்ளிக் கிடந்தது. சுக்கானுக்கு நான் கேப்பைக் கூழும் அவித்த மரச்சீனிக் கிழங்கும்தான் போட்டேன், வேறு வழியில்லாமல். இரண்டாவது வாரம் அது காலைக் கடிப்பதை நிறுத்தியது. மூன்றாவது வாரம் வயிற்றில் பூனைமுடி மாதிரி ரோமம் எழும்பியது. ஒரு ராத்திரி ஓட்டில் ஏதோ சத்தம் போலிருக்கிறது, வெகுநாளைக்குப் பிறகு மூக்கால் என் முழங்காலை இடித்தது. நான் எழுந்துபோகாமல் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

குணமானதும் எல்லாரும் பங்குக்கு வந்தார்கள். கம்பவுண்டர் தன் கந்தகம் என்றார். சவரிமுத்து சோறு நிறுத்தியதால் என்றான். சுறா எண்ணெய் மெள்ளத்தான் வேலை செய்யும் என்றாள் ரோசம்மா. ஒரு மாசமாக அந்த நாயைக் கண்டால் கல்லெடுத்தவர்கள், வளர்த்த தகப்பன் மாதிரி முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். நான் மட்டும் காலியாகக் கிடந்த கிட்டங்கியைப் பார்த்தேன். இங்கே இல்லாதது எது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மீன்தான் என்று ரோசம்மாவிடம் சொன்னேன். அவள் தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்:

"மீன் தின்னு சொறி வருமாக்கும்? அப்படின்னா இந்தக் கடக்கரையே சுவத்துல முதுகைத் தேச்சுட்டுல்லா நிக்கணும்."

ஒரு சாளை

காற்று தணிந்து வள்ளங்கள் இறங்கிய முதல் நாள், நான் செய்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். யாரும் நம்பவில்லை என்கிற எரிச்சலில், நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, ஒரே ஒரு சாளை மீனை வேகவைத்துச் சுக்கானுக்குப் போட்டேன். அது வாலை ஆட்டிக்கொண்டு தின்றுவிட்டு என் கையையும் நக்கியது. மூன்றாம் நாள் விரலிடுக்கு சிவந்தது. ஐந்தாம் நாள் காது. நான் நினைத்தது சரி. சரியாக இருந்ததற்காக ஒரு மனுஷன் இவ்வளவு வெட்கப்பட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மளிகைக்கடைப் பூனையும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடையில் சிந்துகிற மாசிக் கருவாட்டுத் துண்டைத் தின்றே வளர்ந்த பூனை. கழுத்தும் கன்னமும்தான் பூனைக்கு முதலில் அரிக்கும் என்று அந்தக் கிழிந்த பக்கத்திலேயே இருந்தது. மண்ணெண்ணெயும் வேண்டாம், கந்தகமும் வேண்டாம், மாசியை எடுத்து உயரத்தில் வைத்திருந்தால் போதும். இதையெல்லாம் சவரிமுத்துவிடம் கொட்டினேன். அவன் பீடியை அணைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்:

"தெரிஞ்சேயா குடுத்தீரு? ஒமக்கு அந்த மளிகைக்காரரு தேவல வே. அவரு தெரியாம ஊத்துனாரு."

டீச்சர் வீட்டுப் பூனை

சாயர்புரத்திலிருந்து வந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சரம்மா ஒருவர், தன் பூனைக்குக் கழுத்தில் பொருக்கு என்று ஆள் அனுப்பினார். படித்தவர், சொன்னால் கேட்பார் என்று நானே நேரில் போனேன். ஒரு மாசம் மீன் வாடையே கூடாது, முட்டையும் சோறும் மட்டும் என்று சொல்லி, ஏன் என்றும் விளக்கினேன். நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துக் கடற்கரைக்கே வந்துவிட்டார். பூனை அப்படியே இருக்கிறது. நீங்கள் என்ன வைத்தியம் படித்தீர்கள் என்று கேட்டார். விசாரித்தால், பூனை டீச்சரம்மா வீட்டில் முட்டையை முடித்துக்கொண்டு, தெருவில் மீன் அரிகிற வீடுகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வருகிறது. வைத்தியம் சொல்கிறவர்களே, இது உங்களுக்கும் நடந்திருக்கும். நாம் சொன்னதை நூற்றுக்கு நூறு செய்வார்கள், தங்கள் வீட்டு வாசல்படி வரைக்கும். டீச்சரம்மா குடையை மடக்கி என் முன்னால் ஊன்றினார்:

"மீன் கொடுக்கக் கூடாது என்றீர்கள், நான் கொடுக்கவில்லை. அது நாலு வீட்டில் ஊழியம் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு வந்தால் அதற்கு நானா பொறுப்பு?"

வாய்க்கூடு

ஆடி பாதி கழிந்துவிட்டது. கிட்டங்கியில் மறுபடியும் பொதி ஏறியது. கருவாட்டுக் கிட்டங்கியில் ஒரு நாயை மீன் படாமல் வளர்க்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். தரையெல்லாம் செதில். காற்றிலே தூள். தன் காலை நக்கினாலே மீன். கன்றுக்குட்டி மண் தின்னாமலிருக்க மாட்டுக்காரர்கள் போடுகிற வாய்க்கூட்டை, பனைநாரில் நானே முடைந்து சுக்கானுக்கு வாய் திறக்காதபடி இறுக்கி மாட்டினேன். ராத்திரி முழுக்க அது என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். சொறி குறைந்தது. ஆனால் வாய்க்கூடு போட்ட நாயால் குரைக்க முடியாது, கடிக்க முடியாது. என் முழங்காலை இடிக்க மட்டும் முடியும். நான் எழுந்து போவதற்குள் பூனைகள் காரியத்தை முடித்துவிடும். மூன்றே நாளில் அவற்றுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கடைசியில் அதன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தன.

விடிந்ததும் சவரிமுத்து வந்து பார்த்தான். நான்கு பொதி கிழிந்து கருவாடு தரையில் இறைந்து கிடந்தது. நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவன் என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, நான் பார்க்கும்படியாக ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாகச் சொன்னான். இத்தனை வருஷமாக அவன் ஏன் என் எதிரே வந்து நின்றே பேசினான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது:

"நாய்க்கு வாய்க்கட்டு, ஒமக்குக் காதுக்கட்டு. கிட்டங்கிக்கு யாரு வே காவல்?"

சம்பளக்காரன்

அன்றைக்கு நான் படுக்கப் போகவில்லை. முதலாளி கடை திறக்கிற நேரத்துக்கு நாயையும் கூட்டிக்கொண்டு போனேன். சவரிமுத்து காட்டிக் கொடுக்க மாட்டான், ஆனாலும் கிழிந்த பொதி பேசும். வாய்க்கூட்டை அவிழ்த்தால் நாய் நகரசபை வண்டிக்குப் போகும். அவிழ்க்காவிட்டால் கிட்டங்கி பூனைக்குப் போகும். நாயை மட்டும் எங்காவது உள்நாட்டுக்கு அனுப்பிவிட்டு நான் இருக்கலாம் என்றால், அது இல்லாத முதல் ராத்திரியே என் குட்டு வெளிப்படும். வழியெல்லாம் எல்லார்மேலும் கோபமாக வந்தது. கடலின்மேல், என் காதைக் கெடுத்த சங்கின்மேல், நாய்க்குக் கட்டம் போடாத பதிவுப் புத்தகத்தின்மேல்.

ஒளிக்காமல் சொன்னேன். எனக்குக் காது கேட்காது. இதற்கு மீன் ஆகாது. இங்கே இருந்தால் இது சாகும், இது இல்லாமல் நான் இருந்தால் உங்கள் சரக்கு போகும், எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிடுங்கள் என்றேன். குரல் எவ்வளவு ஓங்கிற்றோ தெரியாது, சிப்பந்திகள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி என்னைப் பார்க்கவில்லை. குனிந்து சுக்கானின் காதை மடக்கி உட்புறம் பார்த்தார், காலைத் தூக்கி விரலைப் பிரித்துப் பார்த்தார். மாட்டாஸ்பத்திரியில்கூட யாரும் அதைச் செய்யவில்லை. பிறகு வாய்க்கூட்டின் முடிச்சை அவரே அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார். ஊருக்குத் தெற்கே அவருக்கு ஓர் உப்பளம் உண்டு. கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை உப்பைத் தவிர அங்கே தின்ன ஒன்றும் கிடையாது. நான் மூன்று வருஷம் முதுகு வேர்க்க வேர்க்கக் கட்டிக் காத்த ரகசியத்தை அவர் ஒரு வார்த்தையில் உதறிப் போட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஆனாலும் அந்த உதட்டசைவில் ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை:

"ஒமக்குக் காது கேக்காதுன்னு மொத வருஷமே எனக்குத் தெரியும் வே. நான் சம்பளம் குடுத்தது நாய்க்கு. அது உப்பளத்துக்குப் போகட்டும், அதுக்குக் கூழு காய்ச்ச ஆளு வேணும், நீரும் கூடப் போவும்."

உப்பளத்துக்கு வந்து ஒரு வருஷத்தில் சுக்கானுக்கு ரோமம் பூராவும் முளைத்துவிட்டது. இப்போது எனக்குத்தான் கணுக்காலில் அரிப்பு, ஆளுக்கொரு எண்ணெய் சொல்லுகிறார்கள், நீர் என்ன தின்றீர் என்று கேட்கிறவர் ஒருவரும் இல்லை.